அடியில் அழிந்திருந்த தேதி

பெப்ரவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

நான் இங்கே நலம். நீயும் அத்தானும் நலமாக இருப்பீர்கள் என்று நானாகவே நினைத்துக்கொள்கிறேன். நீ எழுதித் தெரிவித்தால்தானே! போன் செய்தால் "கஸ்டமர் இருக்காங்கடி, அப்புறம் பேசறேன்" என்கிறாய். அந்த அப்புறம் இன்றுவரை வரவில்லை. அதனால்தான் ஒவ்வொரு பார்சலிலும் ஒரு கடிதத்தைத் திணிக்கிறேன். பெட்டியைப் பிரிக்கிறவள் இதையும் பிரித்துத்தானே ஆக வேண்டும்.

இந்த முறை பெட்டி பெரியது. லிப்ஸ்டிக் பதினான்கு, முகத்துக்குப் பூசும் க்ரீம் ஒன்பது பாட்டில், மஸ்காரா ஏழு, ஐலைனர் ஒரு கைப்பிடி. எங்கள் கடையில் மாதக் கடைசியில் அலமாரியைத் துடைத்து அடுக்கும்போது இதையெல்லாம் எடுத்துவிடுவார்கள். வருகிறவர்கள் போட்டுப் பார்ப்பதற்கென்று மேசைமேல் திறந்து வைத்திருக்கும் சாம்பிளும் அதில் சேர்த்தி. உடைத்துக் குப்பையில் போட வேண்டும் என்பது சட்டம். உடைக்கும் வேலை என்னுடையது. பாதிக்குமேல் இருக்கிற பாட்டிலைக் கல்லில் அடித்து உடைக்க எனக்கு மனசு வருமா, சொல். உன் பார்லருக்கு வருகிறவர்கள் இதைக் கண்ணால்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். போட்டு விடு, அசந்து போவார்கள்.

அடியில் நம்பர் அழிந்திருந்தால் கண்டுகொள்ளாதே. வழியில் உரசியிருக்கும்.

ஒரு விஷயம். நீலத் துண்டில் சுற்றி வைத்திருப்பது உனக்கு மட்டும். அது நான் புதிதாக வாங்கியது. தயவுசெய்து அதைக் கடைக்கு எடுத்துவிடாதே. உனக்குத் தாராள மனசு, எனக்குத் தெரியும்.

எனக்குக் கால்தான் பெரிய தொல்லை. எட்டு மணி நேரம் உட்காரக் கூடாது, சிரித்த முகத்தோடு நிற்க வேண்டும். வீட்டுக்கு வந்தால் சிரிக்க வாய் மிச்சமில்லை என்று உன் மாப்பிள்ளை கேலி பேசுகிறார்.

அத்தானைக் கேட்டதாகச் சொல். பதில் போடு.

அன்புத் தங்கை,
சிட்டு

*

மார்ச் 2

அன்புள்ள சிட்டுவுக்கு,

பார்சல் வந்தது. நீ திட்டியதும் வந்து சேர்ந்தது. இதோ எழுதிவிட்டேன், போதுமா?

பெட்டியைப் பிரித்த அன்றைக்கு பார்லரே அமளிதுமளிதான். மருந்துக்கடைக்காரர் மனைவி லிப்ஸ்டிக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஒங்க தங்கச்சி இருக்கற வரைக்கும் ஒங்களுக்கு என்னக்கா கொறச்சல்" என்றாள். எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் ஏறித்தான் விட்டது. கண்ணாடியைச் சுற்றி உன் அத்தான் பல்பு வரிசை போட்டிருக்கிறார். முன்னறை இப்போது பெரிய ஊர்க் கடைபோல் இருக்கிறது. எலக்ட்ரீஷியனைக் கட்டியதற்கு இந்த ஒரு லாபமாவது கிடைத்ததே.

உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வது, இரண்டு குறை. க்ரீம் பாட்டிலில் ஒன்று சிக்குப்பிடித்த எண்ணெய்போல நாறுகிறது. மேலே தண்ணீர் பிரிந்து நிற்கிறது. குலுக்கினால் சேர்ந்துகொள்கிறது. மஸ்காராவில் மூன்று கட்டி தட்டிப்போய்விட்டது. பிரஷ்ஷை இழுத்தால் வரமாட்டேன் என்கிறது. நான் குழாயடியில் இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டுக் குழைத்துவிட்டேன். இப்போது நன்றாகத்தான் வருகிறது. உன் அத்தான் பார்த்துவிட்டு, "காஞ்சத தூக்கிப் போடேன், கண்ணு சமாச்சாரம்" என்றார். அவருக்கு ஃபியூஸ் போவதைத் தவிர வேறென்ன தெரியும்.

அடியில் உள்ள நம்பர் எல்லாவற்றிலுமே ஒரே இடத்தில்தான் உரசியிருக்கிறது. அது எப்படியடி?

ஸ்கூல் வேன் ஓட்டுகிறாளே ஒரு பெண், நம் தெரு வழியாகப் போகும்போது ஹாரனை இரண்டு தடவை அடித்துவிட்டுக் கை காட்டுவாள் என்று சொல்லியிருந்தேனே, அந்த வேன்காரிக்கு மாதக் கடைசியில் கல்யாணம். மேக்கப் நான்தான். அவள் அப்பா பழைய லாரி டிரைவர். "எம்பொண்ணு மூஞ்சியில தூசியும் டீசலும் தவிர எதுவும் பட்டதில்லம்மா, ஒரு நாளாவது ராணி மாதிரி ஆக்கிடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். உன் சாமான்தான் கை கொடுக்கப்போகிறது.

காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு. சிரிப்பைக் கொஞ்சம் மாப்பிள்ளைக்கும் மிச்சம் வை.

அன்புடன்,
அக்கா

*

மார்ச் 14

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை மதிய இடைவேளையில் சாமான் அறையில் உட்கார்ந்து படித்தேன். சிரிப்பு வந்துவிட்டது. அது நாற்றம் இல்லை அக்கா, விலை உயர்ந்த சரக்கு அப்படித்தான் மணக்கும். நீ மலிவான வாசனைக்கே பழகிவிட்டாய். கட்டி தட்டினால் குழைத்துக்கொள்ள வேண்டியதுதான். உனக்கா சொல்லித்தர வேண்டும்?

நம்பர் விஷயத்தைத் தோண்டிக்கொண்டிராதே. பெட்டியில் வரிசையாக அடுக்கினால் ஒரே இடத்தில்தான் உரசும். எங்கிருந்து வருகிறது என்று மட்டும் யாரிடமும் சொல்லாதே. புது சூப்பர்வைசர் ஒருத்தி வந்திருக்கிறாள், மூக்கில் வேர்க்கிற ஜாதி. குப்பைப் பெட்டியைக்கூட எட்டிப் பார்க்கிறாள்.

வேன்காரிக்கு என் வாழ்த்து. கண்ணை நன்றாகத் தூக்கிக் காட்டு. போட்டோவில் கண்தான் பேசும்.

அன்புத் தங்கை,
சிட்டு

*

ஏப்ரல் 9

சிட்டுவுக்கு,

நல்ல செய்தி எழுத வேண்டும் என்று நான்கு தடவை தாளை எடுத்தேன். முடியவில்லை.

கல்யாணம் 29ஆம் தேதி காலையில் நடந்தது. விடிந்ததும் வந்து உட்கார்ந்தாள். இரண்டு மணி நேரம் அசையவில்லை. இமையில் மஸ்காரா போடும்போது மட்டும் ஒருமுறை உதறினாள். பிரஷ் முனை இடது கண்ணுக்குள் பட்டுவிட்டது. "கரிக்குதுக்கா" என்றாள். "கொஞ்சம் பொறுத்துக்கோம்மா, அழுதா எல்லாம் வழிஞ்சிடும்" என்று சொன்னேன். பொறுத்துக்கொண்டாள். அவ்வளவு அழகாக இருந்தாள் சிட்டு. அவள் அப்பா வாசலில் பார்த்துவிட்டு அப்படியே நின்றார்.

மறுநாள் இடது கண் சிவந்திருந்தது. தூக்கமில்லை, புகை என்று எல்லோரும் சொன்னார்கள். அதற்கு அடுத்த நாள் இமை வீங்கித் திறக்கவே முடியவில்லை. மூன்றாம் நாள் கருவிழியில் வெள்ளையாக ஒரு பொட்டு. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். கருவிழியில் புண், கிருமி உள்ளே இறங்கிவிட்டது என்று டாக்டரம்மா சொன்னாராம். மணிக்கொரு தடவை மருந்து விடுகிறார்கள். வெளிச்சம் பட்டால் கத்துகிறாளாம். புது மாப்பிள்ளை ஜன்னலுக்கெல்லாம் போர்வை கட்டிவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறான்.

நான் ஒரு தடவை போனேன். உள்ளே போகவில்லை. வராந்தாவில் நின்றுவிட்டு வந்துவிட்டேன்.

அந்த மஸ்காரா எப்போது செய்தது, எத்தனை நாள் திறந்து கிடந்தது? உனக்குத் தெரிந்திருக்கும். உடனே எழுது.

அக்கா

*

ஏப்ரல் 21

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தைப் படித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. பாவம் அந்தப் பெண். சீக்கிரம் குணமாகட்டும்.

ஆனால் நீ பதறிப்போய் கண்டதையும் யோசிக்காதே. வேன் ஓட்டுகிறவள், நாள் முழுக்கத் தூசி. கல்யாண வீட்டில் ஆயிரம் கை பட்டிருக்கும். அது போதாதென்று நீயே குழாய்த் தண்ணீரை ஊற்றிக் குழைத்திருக்கிறாய். உன் கைப்பட எழுதியிருக்கிறாய். கிருமி தண்ணீரில்தானே இருக்கும்? நான் அனுப்பியது மூடி போட்ட சாமான். அதற்குமேல் நடந்ததற்கு நான் என்ன செய்ய முடியும்?

தப்பாக எடுத்துக்கொள்ளாதே. உன் நல்லதுக்குத்தான் சொல்கிறேன். மிச்சம் இருப்பதை எல்லாம் தூரக் கொண்டுபோய்க் கொட்டிவிடு. என் கடிதங்களையும் எரித்துவிடு. சூப்பர்வைசர் போன வாரம் என் பையைத் திறந்து காட்டச் சொன்னாள். பதினோரு வருஷம் நின்ற கால் அக்கா இது. இந்த வேலை போனால் எங்கள் வீட்டுப் பிழைப்பே நின்றுவிடும்.

எரித்தாயா என்று ஒரு வரி எழுதினால் போதும்.

சிட்டு

*

மே 12

சிட்டுவுக்கு,

எரிக்கவில்லை.

வேன்காரிக்கு இடது கண் போய்விட்டது. புண் ஆறிவிட்டது, ஆனால் தழும்பு கருவிழியை மூடிவிட்டது. வெளிச்சம் இருக்கிறதா இல்லையா என்பது மட்டும் தெரியுமாம். வேறு கருவிழி வைக்கலாம், வரிசையில் காத்திருக்க வேண்டும், வைத்தாலும் பழையபடி வருமா என்று சொல்ல முடியாது என்றிருக்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் வேன் சாவியை வாங்கி வைத்துக்கொண்டார்கள். பிள்ளைகளை ஏற்றுகிற வண்டி, அவர்களைக் குறை சொல்ல முடியாது.

உன்னிடம் மறைத்த ஒன்றை இப்போது எழுதுகிறேன். கண் சிவந்த முதல் நாளே அவளைப் பார்த்த தெரு முனை டாக்டர் எனக்குப் போன் செய்து, "என்ன போட்டீங்க, பழசா?" என்று கேட்டார். "இல்ல சார், அன்னிக்குத்தான் பிரிச்சேன்" என்று சொன்னேன். வாய் கூசவில்லை. பிறகு பெரிய ஆஸ்பத்திரியில் அந்த மஸ்காராவையே கேட்டனுப்பினார்கள். அவள் அப்பா வந்து வாசலில் நின்றார். நான் உள்ளே போய், நீலத் துண்டில் நீ எனக்கென்று சுற்றி அனுப்பிய புது மஸ்காராவைப் பிரித்து, கொஞ்சம் வழித்துத் துடைத்து, பழசுபோல் ஆக்கி அவர் கையில் கொடுத்தேன். அவர் அதைக் காகிதத்தில் பத்திரமாக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, "ரொம்ப நன்றிம்மா" என்றார்.

அதில் ஒன்றும் இல்லை என்று பரிசோதனையில் வந்தது. தூசியாக இருக்கும், வேறு ஏதாவதாக இருக்கும் என்று இரண்டு நாள் போனது. பிரிந்து கிடந்த நீலத் துண்டைப் பார்த்து உன் அத்தான் புரிந்துகொண்டார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் குப்பைக்கூடையைக் கவிழ்த்து, நான் அதில் போட்டிருந்த உண்மையான மஸ்காராவை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். கண்ணில் இருந்த கிருமியும் அதில் இருந்த கிருமியும் ஒன்றுதான். "மொத நாளே தெரிஞ்சிருந்தா வேற மருந்து ஆரம்பிச்சிருப்போம்" என்று டாக்டரம்மா அவரிடம் சொல்லியிருக்கிறார். கண் தப்பித்திருக்குமா என்று கேட்டதற்கு, அதை இப்போது கேட்டுப் பயனில்லை என்றாராம். அன்றிலிருந்து அவர் என்னோடு பேசுவதில்லை. சாப்பிடுகிறார், தட்டைக் கழுவி வைக்கிறார், போகிறார்.

போன வாரம் அவளே வந்தாள். கண்ணில் வெள்ளைத் துணிக்கட்டு. படியில் கால் தடுக்கியது. ஒரு கண்ணில் படியின் ஆழம் தெரியவில்லையாம். நான் பிடிக்கப் போனேன், கையை விலக்கிக்கொண்டாள். மேக்கப் நாற்காலியில் உட்காராமல், காத்திருக்கிறவர்கள் உட்காரும் பெஞ்சில் உட்கார்ந்தாள். திட்டப்போகிறாள் என்று நின்றேன். திட்டவில்லை.

"அக்கா, ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். அன்னிக்கி எனக்குப் போட்டீங்களே, அத ஒங்க கண்ணுல போட்டுப்பீங்களா?"

நான் கண்ணாடிப் பக்கம் திரும்பிக்கொண்டேன். ஏன் என்று உனக்குத் தெரியும். என் கண்ணுக்கு நீ தனியாக வாங்கி அனுப்பியிருந்தாய்.

"சரிக்கா" என்று எழுந்து போய்விட்டாள்.

பார்லரை மூடிவிட்டேன். சுகாதார ஆபீஸிலிருந்து ஒருவர் வந்து, சாமான் எங்கே வாங்கினேன் என்று கேட்டார். உன் பெயர் வரக் கூடாதே என்று மார்க்கெட் ஃபேன்சி கடையில் வாங்கினதாகச் சொல்லிவிட்டேன்.

எனக்கு ஒரு வார்த்தை வேண்டும். அடியில் இருந்த தேதி தாண்டியது உனக்குத் தெரியுமா? அழித்தது நீயா? சமாதானம் எதுவும் வேண்டாம். ஆமாம் அல்லது இல்லை.

அக்கா

*

மே 27

அக்காவுக்கு,

ஆமாம்.

தெரியும். நான்தான் அழித்தேன். நகப்பூச்சு எடுக்கிற தண்ணீரைப் பஞ்சில் தொட்டுத் துடைத்தால் ஒரு நிமிஷ வேலை. சிலது தேதி தாண்டி மூன்று வருஷம். அந்த மஸ்காரா சாம்பிள் மேசையில் எட்டு மாதம் திறந்து கிடந்தது. போகிற வருகிறவள் எல்லாம் இழுத்துப் பார்த்தது. போதுமா? சந்தோஷமா?

நீ மட்டும் என்ன? நாறுகிறது என்று உனக்கு மூக்கு சொன்னது. அத்தான் வாய்விட்டுச் சொன்னார். நம்பர் ஒரே இடத்தில் அழிந்திருக்கிறது என்று நீயே கண்டுபிடித்து எழுதினாய். அப்புறமும் ஏன் போட்டாய்? மருந்துக்கடைக்காரர் மனைவி வாயைப் பிளந்தாளே, அந்த ருசி உன்னை விடவில்லை. டாக்டரிடம் பொய் சொன்னது நானா? அவள் அப்பா கையில் வேறொன்றைத் திணித்தது நானா? அந்தக் கண்ணில் பாதி உன்னுடையது.

சின்ன வயதிலிருந்தே நீ நல்லவள், நான் கெட்டிக்காரி. கெட்டிக்காரி செய்ததை எல்லாம் நல்லவள் வாங்கி வைத்துக்கொண்டாள். ஒரு தடவையாவது வேண்டாம் என்று பார்சலைத் திருப்பி அனுப்பினாயா?

ஃபேன்சி கடை என்று சொன்னது நல்ல யோசனை. அப்படியே இருக்கட்டும். அவனும் ஒன்றும் யோக்கியன் இல்லை, மார்க்கெட்டில் எல்லோரும் பழசைத்தான் விற்கிறார்கள். கொஞ்ச நாளில் எல்லாம் ஆறிப்போகும். இந்தக் கடிதத்தைப் படித்ததும் எரி. எரித்துவிட்டேன் என்று எழுது. அதற்கு மேல் ஒரு எழுத்தும் எனக்கு வேண்டாம்.

சிட்டு

*

ஜூன் 16

சிட்டுவுக்கு,

உன் கடிதம் வந்த அன்றைக்கே ஃபேன்சி கடைக்கு சீல் வைத்துவிட்டார்கள். என் வாக்குமூலத்தை வைத்துத்தான். உள்ளே தேதி தாண்டியது ஒன்றுகூட அகப்படவில்லையாம். இருந்தாலும் விசாரணை முடிகிற வரைக்கும் திறக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். யோக்கியன் இல்லை என்று நீ எழுதினாயே, அந்த மனுஷர் மறுநாள் காலையில் என் வீட்டுக்கு வந்தார். சண்டை போடவில்லை. ஒரு கணக்கு நோட்டை மட்டும் கையில் வைத்திருந்தார். "நீங்க எங்கிட்ட சீப்பும் ஹேர்பின்னும் தவிர எதுவும் வாங்கினதில்லையே மேடம். ஞாபகப் பிசகா இருக்குமோன்னு கேட்டுட்டுப் போகலாம்னு வந்தேன்" என்றார். பொய் சொன்னீர்கள் என்று சொல்லக்கூட அந்த மனுஷருக்கு வாய் வரவில்லை.

அவர் படி இறங்கிய பிறகு உன் அத்தான் இத்தனை நாளில் முதல் தடவையாகப் பேசினார். "இன்னும் எத்தன பேருடி?" என்று கேட்டார்.

செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். முதலில் வேன்காரி வீட்டுக்குத்தான் போனேன். அவள் அப்பா கதவைத் திறந்தார். அவர் கையில் வேறொன்றைக் கொடுத்து ஏமாற்றியதை அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னேன். அவர் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார். "அத நான் காகிதத்துல மடிச்சு, பஸ்ல யாரும் இடிச்சிரக் கூடாதுன்னு நெஞ்சோட அணைச்சு எடுத்துட்டுப் போனேம்மா" என்றார். உள்ளே போய்விட்டார்.

அவள் உட்காரச் சொன்னாள். உன் கடிதங்களைக் கொடுத்தேன். அவள் ஜன்னல் ஓரமாகத் திரும்பி, தாளை வலது கண்ணுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு படித்தாள். நேரம் எடுத்தது. ஒரு பக்கம் முடிந்ததும் கண்ணை மூடி ஓய்வெடுத்துக்கொண்டுதான் அடுத்ததைத் தொட்டாள். கடைசிக் கடிதத்தை மட்டும் இரண்டு தடவை படித்தாள். என் கடிதங்கள் உன்னிடம் இருக்கின்றன. அவற்றில் என்ன எழுதியிருந்தேன் என்பதை வாயாலேயே சொன்னேன். குழாய்த் தண்ணீர், அத்தான் தடுத்தது, டாக்டரிடம் சொன்னது, எதையும் விடவில்லை.

"இத எங்கிட்ட ஏன்கா காட்டறீங்க? மன்னிச்சிடுன்னு கேக்கவா?"

"இல்லம்மா."

"அப்ப சரி" என்றாள். "கேட்டிருந்தா வெளியில போகச் சொல்லியிருப்பேன்."

பிறகு அவளும் அவள் வீட்டுக்காரனும் என்னோடு சுகாதார ஆபீஸுக்கு வந்தார்கள். நான்கு கடிதமும் அங்கே இருக்கின்றன. பெட்டியில் மிச்சமிருந்த சாமானையும் ஒப்படைத்துவிட்டேன். என் வாக்குமூலத்தைத் திருத்தி எழுதிக் கையெழுத்துப் போட்டேன். நம் இருவர் பேரும் அதில் இருக்கின்றன, என்னுடையது முதலில். உன் கடையின் முகவரியையும் கேட்டார்கள், பார்சல் உறையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். ஃபேன்சி கடையைத் திறந்துவிட்டார்கள். என் மேல் வழக்கு வரும். வரட்டும்.

பாதி என்னுடையது என்று எழுதியிருந்தாய். பாதிக்கு மேலேயே இருக்கும். அதில் உன்னோடு தகராறு இல்லை. என்னால் தாங்க முடியாதது வேறு. அந்தப் பெண் இன்று எப்படி இருக்கிறாள் என்று உன் கடைசிக் கடிதத்தில் ஒரு வரி இல்லை. திரும்பத் திரும்பத் தேடிப் பார்த்தேன். இல்லை.

கோபம் இல்லை என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். இருக்கிறது. உன் மேல் இருப்பது எவ்வளவு, என் மேல் இருப்பது எவ்வளவு என்று பிரிக்கத் தெரியவில்லை. உன் குரலைக் கேட்டால் நான் இளகிவிடுவேன். அதனால் போன் நம்பரை மாற்றிவிட்டேன்.

இனிமேல் எழுதாதே. எழுதினால் உறையைப் பிரிக்காமல் அந்த ஆபீஸில்தான் கொடுப்பேன். அதனால் எழுதுவதாக இருந்தால், அவர்கள் படிக்கக்கூடியதை மட்டும் எழுது.

அக்கா